பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கோச்: முதல் வருஷம் எப்படிப் போகும்

சென்னையில் ஒரு மாநகராட்சித் திடலில், எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்துக் கால்பந்து டீம் நடத்த ஆரம்பிப்பவருக்கு முதல் வருஷம் சுலபமாக இருக்காது. கைக்காசு போகும், விடிகாலைத் தூக்கம் போகும். வாராவாரம் தோற்றுக்கொண்டே இருக்கும்போது "நமக்கு எதற்கு இந்த வேலை" என்று மனசு விட்டுப்போகும். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் செலவில் பாதியையும் மனக்கஷ்டத்தில் முக்கால்வாசியையும் தவிர்க்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் முன்னேறுவது ஸ்கோரில் தெரிய வெகுநாளாகும். அதற்கு முன்னாலேயே வேறு இடங்களில் தெரிய ஆரம்பித்துவிடும். அந்த இடங்கள் எவை என்று தெரியாதவர், டீம் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே கலைத்துவிட்டுப் போய்விடுவார்.

முதல் தலைவலி இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே திடலில் நாலு டென்னிஸ் பால் கிரிக்கெட் மேட்ச் நடக்கும். அங்கே போய்ப் பெரிய கால்பந்து மைதானம் வேண்டும் என்று மல்லுக்கட்டுவது வீண். இந்த வயதுக்கு அது தேவையும் இல்லை. முப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம் கிடைத்தால் நாலுக்கு நாலு ஆடலாம். அப்படி இரண்டு கட்டம் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பதினாறு பேரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். கிரிக்கெட் ஆடுகிற அண்ணன்மாரிடம் முன்கூட்டியே பேசி ஒரு மூலையை வாங்கிக்கொள்ளுங்கள். பேட்ஸ்மேன் எந்தப் பக்கம் தூக்கி அடிப்பார் என்று பார்த்து அதற்கு எதிர்மூலையாகக் கேளுங்கள். வாரநாளில் காலை ஆறு மணிக்குத் திடல் காலியாக இருக்கும். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். இரும்பு கோல் போஸ்ட் இருந்தால் பிள்ளைகள் வருவதற்குள் அதை ஒருமுறை ஆட்டிப்பாருங்கள். தரையில் பதிக்காத போஸ்ட்டில் யாராவது தொங்கினால் முன்பக்கமாகச் சாயும். உலகம் முழுக்கக் குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். பின்சட்டத்தின்மேல் மணல்மூட்டை போடாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது.

அடுத்தது பந்து. காசு அதிகம் வீணாவது இங்கேதான். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் எடை, 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவு. பத்து வயதுப் பிள்ளை அதை அடித்தால் பந்து போகாது, கணுக்கால்தான் வலிக்கும். பிறகு பந்தைப் பார்த்தாலே விலகி நிற்கும். எட்டு முதல் பன்னிரண்டு வரை 4-ஆம் நம்பர், அதற்குக் கீழே 3-ஆம் நம்பர். பதின்மூன்றிலிருந்துதான் 5. கரடுமுரடான மண்தரையில் தையல் போட்ட விலையுயர்ந்த பந்து சில மாதங்களில் நூல் தேய்ந்து பிரிந்துவிடும். தையல் இல்லாமல் அச்சில் வார்த்த ரப்பர் மோல்டட் பந்து தொட்டால் கொஞ்சம் கடினமாக இருக்கும், ஆனால் நீடித்து உழைக்கும். இரண்டு நல்ல பந்து வாங்கும் காசுக்கு நாலைந்து சாதாரணப் பந்து வாங்குவதுதான் சரி. ஆளுக்கொரு பந்து இருந்தால் உத்தமம், முடியாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று. காற்றை முழுக்க ஏற்றாதீர்கள். கட்டாந்தரையில் பந்து குதித்துக்கொண்டே போகும், காலில் அடங்காது. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் லேசாக உள்ளே போகிற அளவு போதும். பம்ப் ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தினால் வால்வு கிழிந்து பந்தே போய்விடும். ஊசி அடிக்கடி வளையும் என்பதால் நாலைந்து சேர்த்து வாங்கி வையுங்கள்.

ஜெர்சியில் பெயர் அடிக்காதீர்கள். முதல் மாதம் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு வரமாட்டார்கள். ஒரு செட் 350 ரூபாய் என்றாலே பதினாறு பேருக்கு 5,600 ரூபாய். பெயர் போட்டுவிட்டால் அந்தச் சட்டை இன்னொரு பிள்ளைக்கு உதவாது. வெறும் நம்பர் போட்டு, சட்டையை டீம் சொத்தாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் அன்று கொடுத்து மேட்ச் முடிந்ததும் திரும்ப வாங்குங்கள். திருப்பூரிலிருந்து, டாட் நிட் என்கிற சின்னத் துளைகள் உள்ள துணியில் மொத்தமாக வரவழைத்தால் விலை குறையும். பயிற்சிக்கு ஜெர்சியே வேண்டாம். இரண்டு நிறத்தில் எட்டெட்டு பிப், அதாவது சட்டைமேல் மாட்டும் கையில்லாத மேலங்கி, இருந்தால் போதும்.

ஷூ விஷயத்தில் பெற்றோரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். "வளர்ற பையன் சார்" என்று சொல்லி இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி வருவார்கள். உள்ளே கால் வழுக்கும், குதிகாலில் கொப்புளம் வரும், பந்து காலில் எங்கே படுகிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதுமானது. நம்மூர்க் கட்டாந்தரைக்கு, ஷூவின் அடியில் இருக்கும் நீளமான கூர் ஸ்டட் ஆகாது. தரையில் இறங்காமல் பாதத்தைக் குத்தும், திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நெருக்கமாக இருக்கும் டர்ஃப் ஷூ தேவலை. வெறுங்காலில் ஆடிப் பழகிய பிள்ளைக்குப் புது ஷூ போட்டதும் சில வாரங்கள் ஆட்டம் கெட்டுப்போகும். பயப்பட வேண்டாம், திரும்ப வந்துவிடும்.

இனி பயிற்சி. பெரும்பாலான திடல்களில் இன்னமும் நடப்பது இதுதான்: முதலில் நாலு ரவுண்டு ஓட்டம், அப்புறம் வரிசையில் நிற்க வைத்து ஒரே கோலில் ஷூட்டிங். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு பேர் ஒரு வரிசை, ஆளுக்கு எட்டு வினாடி என்றால் ஒரு சுற்று முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை ஐந்து முறைகூடப் பந்தைத் தொடாது. மீதி நேரம் முழுக்க முன்னால் நிற்பவனைக் கிள்ளிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருக்கும். அதற்குப் பெயர் சேட்டை என்று நாம் திட்டுவோம். வரிசையை எடுத்துவிட்டால் சேட்டையில் பெரும்பகுதி தானாகவே போய்விடும்.

முதல் பத்து நிமிடம் வந்தவர் வந்தவராகப் பந்தை எடுத்து ஆட வேண்டியதுதான். எல்லாரும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிறகு ஒரு கால் மணி நேரம் உடம்பைத் தயார்செய்வது. ஃபிஃபாவின் '11+ கிட்ஸ்' என்கிற ஏழு பயிற்சிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒற்றைக்காலில் நிற்பது, தாவி இறங்குவது, சரியாக விழுவது என்று எளிமையான விஷயங்கள்தான். ஏழு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை நான்கு ஐரோப்பிய நாடுகளில் வைத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. இந்தப் பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் பாதியளவுக்குக் குறைந்திருந்தன. நாலு ரவுண்டு ஓட்டத்துக்குப் பதில் இதைச் செய்ய யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

அடுத்து எட்டு மீட்டர் சதுரத்தில் நாலு பேர் பாஸ் கொடுக்க, நடுவில் ஒருவர் பறிக்கிற ஆட்டம். பழகியதும் நடுவில் இரண்டு பேர். அதன் பிறகு பத்துக்குப் பதினைந்து மீட்டர் கட்டத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர். இதில் முப்பது வினாடிக்கு மேல் போகக்கூடாது, பிள்ளைகள் முழு மூச்சில் ஆடுவதால் அதற்குள் களைத்துவிடுவார்கள். கடைசி அரை மணி நேரம் முழுக்க நாலுக்கு நாலு. மூன்று நிமிட ஆட்டங்களாக ஆடி, டீம்களை மாற்றிக்கொண்டே இருங்கள். கீப்பர் வேண்டாம், கோன் வைத்து இரண்டு மீட்டர் அகலத்தில் கோல் போதும்.

எட்டு ஒன்பது வயதில் எல்லாரும் பந்தைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பார்கள். "விலகு, விலகு" என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சமாகும். அந்த வயதில் பந்துதான் உலகம், வெற்று இடம் கண்ணில் படாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு கோல் வைக்காமல், இரண்டு மூலையிலும் ஒவ்வொன்றாக, மொத்தம் நாலு கோல் வையுங்கள். எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரு மூலையில் எல்லாரும் கூடிவிட்டால் மறுமூலை திறந்து கிடக்கும். யாராவது ஒரு பிள்ளை ஒருநாள் அதைக் கவனித்துப் பந்தைத் திருப்பிக் கொண்டுபோய் அடிக்கும். மறுநாள் நாலு பேர் அதையே செய்வார்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டியதில்லை. இதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் எந்தக் கோப்பைக்கும் குறைந்ததில்லை.

ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால் முட்டுவது, சொல்லிக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு 2015-லேயே தடை அறிவித்தார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்து மூன்றிலும் 2020 பிப்ரவரியிலிருந்து தொடக்கப் பள்ளி வயதுப் பயிற்சியில் ஹெட்டிங் கிடையாது. நம் திடலிலும் வேண்டாம். கீப்பர் என்று ஒரே பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். பொதுவாகக் குண்டான பையனையோ, மெதுவாக ஓடுகிறவனையோதான் கோலுக்குள் தள்ளுவார்கள். அது அவனை டீமிலிருந்து வெளியே தள்ளுவதற்குச் சமம். முறைவைத்து எல்லாரும் நிற்கட்டும். நிற்பவருக்கு முழு பேன்ட், முட்டிக்கு உறை கட்டாயம். முதலில் முட்டியின் பக்கவாட்டில் இறங்கி, தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் சாயப் பழக்குங்கள். முழங்கையை ஊன்றி விழுந்தால் எலும்பு முறியும்.

காலையில் வருகிற பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடு வருவார்கள். பத்தாவது நிமிடத்தில் தலைசுற்றி உட்காருகிறவரைப் பார்த்து "ஸ்டாமினா இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வைத்துக்கொண்டு, வந்ததும் ஆளுக்கொன்று கொடுங்கள். நான் பார்த்தவரை டீமுக்குச் செய்யும் செலவிலேயே பயனுள்ளது இதுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை எட்டு மணிக்கு மேல் பயிற்சியே வேண்டாம். கால் மணிக்கு ஒருதரம் எல்லாரும் தண்ணீர் குடிக்கவேண்டும், கேட்டால்தான் தருவேன் என்பது கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிள்ளை உளறினாலோ, நடை தள்ளாடினாலோ அது சாதாரண மயக்கம் அல்ல. நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்கு அழையுங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்கவேண்டும்.

குதிகால் வலி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பயிற்சி முடிந்து நுனிக்காலால் நடக்கிற பத்து, பதினோரு வயதுப் பிள்ளையைக் கண்டால் குதிகாலின் இரண்டு பக்கத்தையும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். துடித்தால் அது அநேகமாக வளர்ச்சித் தட்டில், அதாவது எலும்பு வளர்கிற இடத்தில், வரும் வலி. எலும்பு வேகமாக வளர, கெண்டைக்கால் தசை பின்னாலிருந்து இழுப்பதால் வருவது. வீட்டில் "ஸ்கூலுக்குப் போகாமலிருக்க நடிக்கிறான்" என்பார்கள். அவன் நடிக்கவில்லை. முட்டிச்சில்லுக்குக் கீழே புடைத்து வலிப்பதும் இதே வகைதான். டாக்டரிடம் காட்டி, ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் நாளடைவில் சரியாகிவிடும். வலியோடு ஆடவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இப்போது போட்டிகள். பணமும் மனசும் ஒன்றாக நொறுங்கும் இடம். மே மாதம் வந்தால் ஊர் முழுக்க டோர்னமென்ட் போஸ்டர். என்ட்ரி ஃபீஸ், வேன் வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் ஆகிவிடும். தோற்றால் வெளியே என்கிற நாக்அவுட் என்றால் பதினாறு டீமில் எட்டு டீம் ஒரே மேட்ச்சோடு வீடு திரும்பும். பத்து நிமிடப் பாதி இரண்டு, அவ்வளவுதான் அந்த நாள். காலை ஏழு மணிக்கு வரச்சொல்லி மதியம் ஒரு மணிக்கு ஆடவிட்டு, உச்சிவெயிலில் தோற்று அழுதுகொண்டே வேனில் ஏறும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நமக்கும் தொண்டை அடைக்கும். காசு கட்டும் முன்னால் போன் போட்டுக் கேளுங்கள்: லீகா நாக்அவுட்டா, ஒரு டீமுக்குக் குறைந்தது எத்தனை மேட்ச், வெளியே போன ஆள் திரும்ப உள்ளே வரலாமா, எந்த நம்பர் பந்து, வயது எந்தத் தேதியை வைத்துக் கணக்கு. பதில் மழுப்பலாக இருந்தால் போகவேண்டாம். அந்தக் காசில் பக்கத்துப் பேட்டை டீம்கள் மூன்றை நம் திடலுக்கே கூப்பிட்டு, எல்லாரும் எல்லாரோடும் ஆடுகிற மாதிரி ஒரு காலைப்பொழுது நடத்தலாம். எல்லாப் பிள்ளையும் ஆடும், வாழைப்பழத்துக்கும் காசு மிஞ்சும்.

காகிதங்களை ஜனவரியிலேயே சரிபார்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் வாங்கும் போனஃபைட், நாலு போட்டோ. பலருடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கும் இடம் காலியாகவே கிடக்கும். பிறந்தபோது பெயர் வைக்காமல் பதிந்திருப்பார்கள். பிறந்து பதினைந்து வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு வருஷம் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம் உண்டு. ஆனால் போட்டிக்கு முந்தின நாள் ஓடினால் நடக்காது. ஆதாரில் இனிஷியல் முன்னால், சான்றிதழில் பின்னால் என்பதற்காகவே பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. வயதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மாற்றாதீர்கள், அப்படி மாற்றச்சொல்லும் பெற்றோருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

வயது என்றதும் இன்னொன்று. கணக்குத் தேதி ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவு. பத்து வயதில் அந்த ஒரு வருஷ வித்தியாசம் தோளிலும் தொடையிலும் நன்றாகவே தெரியும். பெரிய பையன் தூக்கி அடித்து நாலு கோல் போடுவான், சின்னவன் பந்தைப் பறிகொடுப்பான். நாளைக்கே ஜெயிக்கவேண்டும் என்றால் பெரியவன்தான் வேண்டும். ஆனால் உடம்பால் முடியாததைக் கண்ணாலும் மூளையாலும் சமாளிக்கக் கற்றுக்கொள்வது சின்னவன்தான். பின்னால் உயரம் சமமாகும்போது கணக்கு மாறிவிடும். அதுவரை அவனை பெஞ்சில் உட்கார வைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு. எல்லாரும் பாதி மேட்ச்சாவது ஆடவேண்டும் என்று சீசன் தொடக்கத்திலேயே பெற்றோர் முன்னால் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் கோட்டோரம் நின்று "அடிடா, தூக்கி அடிடா" என்பார்கள். நீங்கள் பாஸ் என்று பழக்கியிருப்பீர்கள். பிள்ளை அப்பா முகத்தையும் உங்கள் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கும்போதே பந்து போய்விடும். சண்டை வேண்டாம். "கைதட்டுங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க, என்ன செய்யணும்னு மட்டும் சொல்லாதீங்க சார்" என்றால் பெரும்பாலோர் கேட்பார்கள். பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் உடைமாற்ற இடமும், வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பும் நேரமும் முதலில் உறுதியாகவேண்டும். 2018-ல் மணிப்பூரை வென்று தமிழக மகளிர் அணி தேசிய சாம்பியன் ஆனதையும், அதில் ஆடிய கடலூர் இந்துமதியையும் அம்மாக்களிடம் சொல்லுங்கள். தயங்கி நிற்பவர்கள் யோசிப்பார்கள். ஆணோ பெண்ணோ, எந்தப் பிள்ளையோடும் நீங்கள் தனியாக இருக்கக்கூடாது. பயிற்சியில் எப்போதும் இன்னொரு பெரியவர் வேண்டும். தனியாக வண்டியில் ஏற்றிப் போகாதீர்கள், தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் தோல்விதான் வரும், சில மாதங்களுக்கு. காரணம் நீங்கள் சரியானதைப் பழக்குவதே. எதிரணி அடித்த பந்து நம் கோல்கோட்டைத் தாண்டி வெளியே போனால் நாம் உதைத்துத் தொடங்குவது கோல் கிக். 2019-லிருந்து அதை உதைத்துப் பந்து நகர்ந்த உடனேயே ஆட்டத்தில் இருக்கிறது, கோல் முன்னால் இருக்கும் பெனால்டி ஏரியா கட்டத்துக்குள்ளேயே நம் ஆள் வாங்கலாம். அப்படிக் குட்டிப் பாஸில் தொடங்கப் பழகும் டீம் முதலில் தன் கோல் முன்னாலேயே பந்தை இழந்து எட்டு கோல் வாங்கும். தூக்கி அடிக்கிற டீம் ஜெயிக்கும். அந்த வாரங்களில் இரவு தூக்கம் வராது, "கோச் சரியில்லை" என்று காதில் விழும். அப்போது பார்க்கவேண்டியது ஸ்கோரை அல்ல. பந்து வருவதற்கு முன்னால் பிள்ளை தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறதா? முதல் தொடுதலில் பந்து காலடியில் செத்து நிற்கிறதா, இல்லை போகவேண்டிய பக்கம் நகர்கிறதா? இடதுகாலில் வந்த பந்தை வலதுகாலுக்கு மாற்றாமல் கொடுக்கிறதா? பாஸ் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கிறதா, ஓடுகிறதா? பந்து பறிபோனதும் தலையில் கை வைக்கிறதா, உடனே துரத்துகிறதா? ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாரம் ஒரு வரி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் போனை வைத்து நாலுக்கு நாலு ஆட்டத்தை ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். முதல் மாதத்தையும் ஐந்தாம் மாதத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், பெற்றோருக்கும் காட்டுங்கள். அதே எட்டு பேர், அதே திடல், ஆனால் வேறு ஆட்டமாக இருக்கும்.

பொதுவாக முதலில் மாறுவது பந்தைக் கண்டு பயப்படாமை. அடுத்து காலடித் திறமை. நிமிர்ந்து பார்ப்பது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் பந்து காலில் நிற்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் கண் தரையைவிட்டு எழும். கடைசியாக வருவது பேச்சு. "பின்னாடி ஆள்", "திரும்பு", "நான் இருக்கேன்" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திடலில் தண்ணீர் நிற்கும், நடுவில் அரையாண்டுப் பரீட்சையும் வரும். ஜனவரியில் எல்லாம் மறந்ததுபோல் இருப்பார்கள், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடும். அந்த இடைவெளியில் வீட்டுச் சுவரில் தினமும் பத்து நிமிடம் இடதுகாலால் பாஸ் அடித்தவர் யார் என்று தானாகவே தெரிந்துவிடும்.

நன்றாக வளர்கிற பிள்ளைக்கு உங்கள் டீம் ஒரு கட்டத்தில் போதாது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் ஆள் எடுக்கிறார்கள். கோடைவிடுமுறையை ஒட்டித் தேர்வு நடக்கும், இணையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். வடசென்னைப் பிள்ளைகளுக்கு வியாசர்பாடியிலிருந்து இந்திய அணிவரை போன நந்தகுமார் சேகரின் பெயர் தெரியும், ஆசை இருக்கும். ஆனால் விண்ணப்பத் தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை நீங்கள் கவனித்துச் சொல்லவேண்டும். தேர்வுக்கு முன் இரண்டு மாதம் அந்தப் பிள்ளையைப் பெரிய திடலில், 5-ஆம் நம்பர் பந்தில், தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடவிடுங்கள். இல்லாவிட்டால் சின்னக் கட்டத்தில் சூரனாக இருந்தவன் அங்கே நீள பாஸ் அடிக்க முடியாமல் முதல் நாளே திணறுவான். சான்றிதழ்களின் நகல் இரண்டு செட், அசல் ஒரு உறையில் தனியாக. அன்று காலை அவனுக்குச் சாப்பாடு யார் கொடுக்கிறார்கள் என்பதையும் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.